மதில் வரியும் அக்காவின் பாலாடைக்கட்டியும்

புனித நிக்கலஸ் துணை

மகாகனம் பொருந்திய தமக்கையார் ஹாவிஸ் அவர்கள் சமூகத்துக்கு, வடக்கு வாசல் மதில் வரி வசூல்காரன் தம்பி ஆஸ்பர்ட் பணிந்து எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி லெட்டிஸ், பன்றி யாவரும் நலம். தங்கள் நலமும் வாத்துகளின் நலமும் அறிய ஆவல்.

நிற்க. ஈஸ்டருக்கு முன் நடந்ததைத் தாங்கள் இன்னும் மனதில் வைத்திருப்பது நியாயமா? விற்க வரும் சரக்குக்கெல்லாம் வரி வாங்கித்தான் மதில் கட்ட வேண்டும் என்பது அரசர் உத்தரவு. "உனக்குத்தான்டா கொண்டாந்தேன்" என்று நீ பன்னிரண்டு பாலாடைக்கட்டியை நீட்டினாய். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். உன்னை விட்டால் அத்தனை பேருக்கும் ஊருக்குள் ஒரு தம்பி முளைத்துவிடுவானே, அக்கா! ஒரே ஒரு பென்னிதான் கேட்டேன். "உன்ன இடுப்புல தூக்கி வளத்ததுக்கு நான் என்ன வரிடா வாங்குனேன்?" என்று காசை என் மூக்கிலேயே எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாய். அன்றிலிருந்து வாசலில் ஈ காக்கை இல்லை. சந்தையிலோ வெண்ணெய் குவிந்து கிடக்கிறது! "என்னய்யா, சனங்க பறந்தா வர்றாங்க?" என்கிறார் மேயர். கூலி இல்லாமல் கொத்தனார்கள் முறைக்கிறார்கள். மதிலில் அவரவர் கொல்லைக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் அவரவர் செலவில் கட்ட வேண்டும், அதை ஊரே கட்டி முடித்துவிட்டது. எனக்குத்தான் நேரமில்லை. என் பங்குக்குக் கருவாட்டுப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்தால் நாற்றத்திலேயே திரும்பிவிடுவான். வீட்டிலும் நிம்மதியில்லை. லெட்டிஸ் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சுகிறாள், நான் போவதற்குள் காலி. பன்றி குடித்ததாம். பன்றியோ இளைத்துக்கொண்டே போகிறது. அவள் சந்தையில் வாங்கியதாக வைக்கும் பாலாடைக்கட்டியைக் கடித்தால் உன் ஞாபகம் வந்து அழுதுவிடுகிறேன்.

நீ இல்லாமல் எனக்குப் பண்டிகையே இல்லை, அக்கா. மிக்கேல் திருநாளுக்கு வாசல் வழியாகத் தலைநிமிர்ந்து வா. அந்தப் பென்னியை நானே கட்டுகிறேன்.

தங்களுக்கும் வாத்துகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுள் தருவாராக.

இப்படிக்கு,
ஆஸ்பர்ட்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பல்வலி என்று இன்று மதியமே வீட்டுக்குப் போனேன். பீப்பாய்கள் நகர்ந்திருந்தன. கொல்லை வழியாகச் சரக்குச் சுமந்த கழுதைகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன, ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சியோடு அடுப்படியில் உங்கள் கிராமத்தில் பாதி, நடுவில் என் நாற்காலியில் நீ! பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அந்தப் பய ஒழுங்கா சாப்புடுறானா, லெட்டிஸ்?" என்று கேட்டாயே, அதோடு வரியையும் மறந்தேன், மேயரையும் மறந்தேன். சத்தமில்லாமல் வாசலுக்கே திரும்பிவிட்டேன். நாளைக்கு என் கொல்லை இடைவெளியை அடைக்க வருவதாக இருந்த கொத்தனார்களிடம், பக்கத்து மதிலின் சுண்ணாம்பு காயட்டும், திருநாள் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ வழக்கம்போலவே வா. போகும்போது மட்டும் பீப்பாய்களை நேராக வைத்துவிட்டுப் போ, மேயர் பார்த்துவிடப் போகிறார்.