தன்னைத் தானே விசாரித்த புனுகுப்பூனை

ஒரு காட்டில் ஒரு படை இருந்தது. படை எதற்கு என்று கேட்டால், அண்டைக் காட்டிலும் ஒரு படை இருக்கிறதே என்பார்கள். அண்டைக் காட்டில் கேட்டாலும் அதே விடைதான் கிடைக்கும்.

அப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களுள் மருக்கொழுந்தன் என்னும் புனுகுப்பூனையும் ஒருவன். அவனுடைய புனுகு மணம் அவன் வருவதற்குச் சற்று முன்பே வந்துவிடும். அவன் போன பின்பும் நெடுநேரம் தங்கும். பிறந்தது முதல் பழகிவிட்டதால், அப்படியொரு மணம் இருப்பது அவனுக்கு மட்டும் தெரியாது.

பயிற்சி முடிந்ததும் ஹவில்தார் காட்டுப்பன்றி ஒவ்வொருவரிடமும் விருப்பம் கேட்டார்.

"உளவுப் பிரிவு, ஐயா!" என்று மைதானமே அதிரும்படி கூவினான் மருக்கொழுந்தன்.

"மெதுவாச் சொல்லுடா, எதிரிக்குக் கேட்டுடப் போகுது," என்றார் ஹவில்தார். "உளவுல இடம் கிடைக்கலேன்னா உனக்குச் சமையற்கூடம்தான். ஆயுசுக்கும் கிழங்கு உரிக்கணும். சம்மதமா?"

கிழங்கு என்றாலே அவனுக்குக் குமட்டும். ஆயினும் சம்மதித்தான்.

உளவுப் பிரிவின் தலைவர் ஓர் அழுங்கு, அதாவது உடலெங்கும் செதில் போர்த்த எறும்புத்தின்னி. பட்டுப்போன மரமொன்றின் பொந்தில் அவருடைய அலுவலகம் இருந்தது. மறைவு கருதி, அவர் எப்போதும் பந்துபோலச் சுருண்டுகொண்டே பேசுவார். மூக்கைத் தம் வாலுக்குள் புதைத்திருப்பார். எனவே, தம்மிடம் வேலை பார்ப்பவர் எவருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை. எவருடைய மணத்தையும் முகர்ந்ததுமில்லை. அவருடைய செதில்களைத் தாண்டிக் காதுக்குப் போவதற்குள் எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிடும்.

"இனி உனக்குப் பெயர் இல்லை, நீ எண் பதினேழு," என்றது பந்து. "உன் ஊரில் உன்னைப் பற்றி விசாரித்த பின்பு முடிவு சொல்வோம். போகலாம்."

முடிவு வரும்வரை மருக்கொழுந்தனைக் கிழங்கு உரிக்க வைத்தார்கள். சில நாள் கழித்து, ஹவில்தார் சமையற்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "உளவுப் பிரிவுல விசாரணைக்குப் போக ஆள் இல்லையாம். யாராவது ஒருத்தன் வாங்கடா!"

கத்தியைக் கீழே போட்டவர்களுள் மருக்கொழுந்தனே முதல்வன். பொந்துக்கு ஓடினான்.

"ஆற்றங்கரை ஊர், இலுப்பை மரத்துப் புனுகுப்பூனை, பெயர் மருக்கொழுந்தன்," என்றது பந்து. "நல்லவனா, கெட்டவனா என்று விசாரித்து வா."

"ஐயா, அது வந்து..."

"இப்பிரிவில் தேவைக்கு மேல் எதையும் அறியக்கூடாது, அறிந்ததைச் சொல்லவும் கூடாது. உனக்கு ஏதேனும் தெரியுமா?"

"ஒன்றும் தெரியாது, ஐயா," என்றான் மருக்கொழுந்தன்.

"நீ முன்னுக்கு வருவாய்," என்றது பந்து.

கறுப்புக் கண்ணாடி அணிந்து, தேங்காய் நாரில் தாடி கட்டி, குடையும் பிடித்துக்கொண்டு, தேன் வியாபாரியாகத் தன் ஊருக்குள் நுழைந்தான் மருக்கொழுந்தன். அவன் தெருமுனைக்கு வருவதற்குள் மணம் தேநீர்க்கடைக்கு வந்துவிட்டது. கடைக்கார முள்ளம்பன்றி கூரப்பனும், பெஞ்சில் அமர்ந்திருந்த பூவாயி என்னும் மந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"வாங்க, வெளியூர்க்காரரே! டீ போடட்டுமா?" என்றார் கூரப்பன், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

"போடுங்கள். இவ்வூரில் மருக்கொழுந்தன் என்று ஒருவன்..."

"அந்தப் பயலா? ஐயோ, அவனைப் பத்தி யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன்!" என்று பூவாயி நகர்ந்து உட்கார்ந்தாள். "என் பலாப்பழத்தைத் தின்னுட்டுக் காக்கா மேல பழியப் போட்டவன் அவன். பாட்டுப் பாடுறேன்னு எங்க வீட்டு விசேஷத்தையே கலைச்சவன்."

"அவ்வளவு மோசமாகவா பாடுவான்?" என்று கேட்டான் தேன் வியாபாரி.

"ரகசியம்னு ஒண்ணு அவன் வாயில நிக்குமா?" என்றார் கூரப்பன். "உளவுல சேரப் போறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னவன்ங்க அவன். என் குடையை வேற வாங்கிட்டுப் போயிட்டான். கறுப்புக் குடை, மரப்பிடி. பாத்தீங்கன்னா கேளுங்க. இப்ப உங்க கையில இருக்கே, அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும்."

தேன் வியாபாரி குடையை மெல்ல முதுகுக்குப் பின்னே கொண்டுபோனான்.

கடைசியாகத் தன் வீட்டுக்கே போனான். தாய்ப் பூனை கதவைத் திறந்தாள். மூச்சை ஒருமுறை இழுத்தாள். உடனே இலையைப் போட்டாள்.

"உங்கள் மகன் எப்படிப்பட்டவர், அம்மா?"

"தங்கமான பிள்ளைங்க. கொஞ்சம் இளைச்சிருக்கான்... இளைச்சிருப்பான்னு சொல்ல வந்தேன். தாடியைக் கழட்டி வச்சுட்டுச் சாப்பிடுங்க தம்பி, குழம்புல நனையுது."

வயிறு நிறைய உண்டு வெளியே வந்த மருக்கொழுந்தன் மகிழ்ச்சியில் துள்ளினான். பெற்ற தாயே தன்னை அடையாளம் காணவில்லை! தன்னைவிடச் சிறந்த உளவாளி இக்காட்டில் உண்டோ?

வழியெல்லாம் ஓர் எண்ணம் அவனை அலைக்கழித்தது. கேட்டதைச் சொன்னால் எண் பதினேழுக்கு வேலை கிடைக்காது. தாய் சொன்னதை மட்டும் சொன்னால் கிடைக்கும். தாய் சொன்னதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் பொந்துக்குள் நுழைந்தான்.

"உனக்கு முன் சென்றவர்கள் எல்லோரும் எல்லோரையும் நல்லவர் என்றே சொன்னார்கள்," என்றது பந்து. "அவர்களையெல்லாம் கிழங்கு உரிக்க அனுப்பிவிட்டேன். சொல், எண் பதினேழு எப்படி?"

மருக்கொழுந்தன் கிழங்கை நினைத்துப் பார்த்தான்.

"அயோக்கியன், ஐயா!"

பின்பு அவன் நாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. பலாப்பழத்தைச் சொன்னான், பாட்டைச் சொன்னான், ஊர்க் கூட்டத்தைச் சொன்னான், குடையை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதை வருத்தத்தோடு சொன்னான். ஊருக்கே தெரியாத இரண்டு குற்றங்களையும், ஆர்வ மிகுதியால், சேர்த்துச் சொன்னான்.

பந்து சிறிது அவிழ்ந்து மீண்டும் இறுகியது. அது அவருடைய கைதட்டல்.

"ஒருவனை இவ்வளவு ஆழமாக அறிந்து வந்த விசாரணையாளனை நான் கண்டதில்லை. உனக்கு இன்று முதல் நிரந்தர வேலை. எண் பதினேழுக்கு வேலை இல்லை. அவன் சமையற்கூடத்திலேயே கிடக்கட்டும். ஆனால் அவன் இந்தப் பொந்தின் இருப்பிடத்தை அறிந்தவன். அவனைத் தனியே விடுவது ஆபத்து. நீ அவனைப் பின்தொடர்."

"எவ்வளவு காலம், ஐயா?"

"அவன் ஓய்வு பெறும்வரை."

அன்று முதல் மருக்கொழுந்தன் கிழங்கு உரிக்கிறான். உரிக்கும் தன்னைக் கண்காணிக்கிறான். இருவர் சம்பளமும் வருவதால் கிழங்கு இப்போது குமட்டுவதில்லை. அவன் பார்வையிலிருந்து எண் பதினேழு ஒருமுறையும் தப்பியதில்லை என்று தலைவர் பெருமைப்படுகிறார். எண் பதினேழு விடுமுறையில் ஊருக்குப் போனால், பின்தொடர்வதற்கான பயணப்படியும் கிடைக்கிறது. முதல் நாள் மகனாகப் போவான். மறுநாள் தாடியோடு போவான். தாய் இரண்டு நாளும் இலை போடுவாள்.

"நேத்து மருக்கொழுந்தன் வந்தான், இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க," என்றார் கூரப்பன் ஒருநாள், தேநீரை ஆற்றியபடி. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்து வரலாமே? குடைக் கணக்கைத் தீர்த்துக்கலாம்."

தேன் வியாபாரி இருபுறமும் பார்த்தான், தாடியைச் சரிசெய்துகொண்டான்.

"அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்," என்றான் மெதுவாக.

நீதி: உன்னைப் பற்றி நல்லது சொன்னால் உன் தாய் மட்டுமே நம்புவாள், தீயது சொன்னால் அரசே நம்பும். போதிய அளவு தீயது சொன்னால், உன்னைக் கண்காணிக்க ஓர் ஆள் தேவைப்படும். அந்த வேலைக்கு முதல் ஆளாக நீயே மனுப்போடு.