நாற்பத்தைந்து அடிக் குனிஞ்சான்

லண்டனில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவனும் குனிந்து நின்றால்தான் கெட்டிக்காரன். நிமிர்ந்தால் ஒன்றுக்கும் உதவமாட்டான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இங்கே வந்து கோப்பை கழுவினேன், பெற்றோல் ஷெட்டில் நின்றேன், லொறியில் மூட்டை இறக்கினேன். இன்றைக்கு இல்ஃபோர்ட், ஃபாரஸ்ட் கேட், மிச்சம் என்று மூன்று ஊரில் மூன்று கடை. வருசாவருசம் கடைக் கலண்டரில் பிள்ளையார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிள்ளையார் கொஞ்சம் சின்னன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒருநாள் ஜெர்மனியிலிருந்து ஒருவன் வேலை கேட்டு வந்தான். எங்கடை யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான், ஆனால் கழுத்து எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஏலாது.

"என்ன வேலை தெரியும் தம்பி?"

"அமெரிக்கன் ஃபுட்போல் அண்ணை. ஜெர்மனியிலை பத்து வருசம் சம்பளத்துக்கு விளையாடினனான்."

"பந்தைக் கொண்டு ஓடுவியோ?"

"இல்லை அண்ணை."

"உதைப்பியோ?"

"உதைக்கிறவர் வேறை."

"பிடிப்பியோ?"

"அதுக்கும் வேறை ஆள்."

"அப்ப நீ என்னதான் புடுங்குவாய்?"

"குனிஞ்சு, காலுக்குள்ளாலை பந்தைப் பின்னுக்கு எறிவன். நாப்பத்தைஞ்சு அடியிலை நிக்கிறவர் வாங்கி உதைப்பார்."

"பிறகு?"

"பிறகு வெளியாலை வந்து இருப்பன்."

நான் ஒரு வயிற்றுக்கு ஒன்பது வேலை செய்தவன். இவன் ஒரே வேலையைப் பத்து வருசம் செய்திருக்கிறான், அதுவும் பின்பக்கமாக! அந்த இடத்திலேயே குனிஞ்சான் என்று பெயர் வைத்தேன். வேலையும் கொடுத்தேன்.

வந்த கிழமையே கடையை அளந்துவிட்டான். ஸ்டோர் வாசலிலிருந்து கல்லா மேசை சரியாக நாற்பத்தைந்து அடி. அவ்வளவுதான், நடந்து போய்ச் சாமான் கொடுக்கிற வழக்கம் ஒழிந்தது. வாசலில் குனிவான். ஆட்டா மா பைக்கற் கால்களுக்குள்ளால் பறந்து வந்து கல்லாவில் நிற்கிற பிள்ளையின் கையில் இருக்கும். ஒரு துளி மா சிந்தாது. ஆனால் முப்பது அடியில் இருக்கிற தட்டுக்கு ஒரு ரின் மீனை எறியச் சொன்னால் தலையை ஆட்டுவான்.

"அண்ணை, அது என்ரை தூரமில்லை."

கவுன்சில்காரன் வந்து சொல்லியும் அசைக்காத தட்டை இவனுக்காகத் தள்ளி வைத்தேன்.

மிச்சம் கடைத் திறப்புவிழாவில் சிதறுதேங்காய் அடிக்கிற மரியாதையை அவனுக்குக் கொடுத்தேன். அவன் விளையாடுகிற பந்தும் ஏறக்குறையத் தேங்காய் மாதிரித்தானே. மடையன், கல்லிலிருந்து நாற்பத்தைந்து அடி அளந்து போய், பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

ஐயர் பதறிப்போனார். "தம்பி, சுவாமிக்கு நேரை என்னத்தைக் காட்டுறீர்?"

சொல்லி வாய் மூடவில்லை, தேங்காய் கல்லின் நடுவில் விழுந்து நூறு துண்டு. ஐயர் தாடியில் இருந்த துண்டொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "குறையில்லை" என்றார்.

இப்படிப்பட்டவன் ஏன் விளையாட்டை விட்டு வந்தான் என்று ஒருநாள் கேட்டேன். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்து, உதைக்கிறவரின் தலைக்கு மேலால் போய்விட்டதாம். ஆட்டமும் போச்சு, இடமும் போச்சு.

"பத்து வருசம் ரீவியிலை என்ரை முகத்தைக் காட்டேல்லை அண்ணை. அண்டைக்குத்தான் காட்டினவங்கள், திருப்பித் திருப்பி. எங்கடை வேலையிலை முகம் தெரிஞ்சால் பிழை விட்டிட்டம் எண்டு அர்த்தம்."

இன்னொரு ஜெர்மன் அணி ஆள் தேடி லண்டனுக்கு வரப்போகிறது, அதில் எடுபடாவிட்டால் முப்பத்துநாலு வயதில் எல்லாம் முடிந்தது என்றும் சொன்னான். அதற்குப் பிறகு கடைக்குப் பின்னாலுள்ள கார் பார்க்கில் ஒவ்வொரு காலையும் பயிற்சி. பந்தை வாங்குவதற்கு ஆள்? கடை நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் நின்றது நான்தான், நெஞ்சில் தலையணை கட்டிக்கொண்டு.

மனிசி என் நெஞ்சுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே திட்டினாள். "இஞ்சாருங்கோ, அறுபத்தெட்டு வயசிலை உங்களுக்கென்ன பந்து?"

"கடை அலுவல்" என்றேன்.

உண்மையில் கடை அலுவல் வேறு. "மிச்சம் கடையை நீயே பாரன்ரா" என்று அவனிடம் கேட்டிருந்தேன். "ஒருக்கா இதைப் பாத்திட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றான். நான் வலிய ஒன்றைக் கொடுத்து, உடனே வாங்காத முதல் மனிதன்.

அந்த நாளும் வந்தது. மழைத் தூறல், சேறு. மைதான ஓரத்தில் குடையோடு நின்றேன். பத்துப் பந்து எறிய வேண்டும். முதல் பந்துக்கு முன்னம் குனிஞ்சான் பயிற்சியாளரிடம் ஜெர்மனில் ஏதோ கெஞ்சிவிட்டு, என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, உதைக்கிறவருக்குப் பின்னாலை வந்து நில்லுங்கோ. தலைகீழாய் உங்களைக் கண்டால்தான் என்ரை கை சொல்வழி கேக்கும்."

மூன்று கடை முதலாளி சேற்றில் போய் நின்றேன். ஒரு பந்து தலைக்கு மேலால் வந்தால் போதும், அவன் எனக்குத்தான், மிச்சம் கடைக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் வாய் என்னவோ "வராதை, வராதை" என்றுதான் முணுமுணுத்தது.

பத்தும் உதைக்கிறவரின் கையிலேயே விழுந்தது. ஒன்றும் கிடைக்காமல் நான் சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

இப்போது அவன் ஜெர்மனியில். ஆட்டமுள்ள நாட்களில் கல்லாவில் போனைச் சாத்தி வைத்துப் பார்ப்பேன். "எங்கை அண்ணை உங்கடை ஆள்?" என்று சனம் எட்டிப் பார்க்கும். ஒரு முதுகு குனிந்து நிமிர்ந்து வெளியேறிப் போகும், அவ்வளவுதான்.

என் படத்தைக் கலண்டரில் அடித்து ஊரெல்லாம் கொடுக்கிற நான், ஆட்டம் தொடங்குமுன் அதே கலண்டரில் இருக்கிற சின்னப் பிள்ளையாரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அப்பனே, இண்டைக்கும் அவன்ரை முகத்தைக் காட்டிப்போடாதை."