என் படகும் வெர்னாவின் குடையும்

இனி என் பணத்தில் ஒரு காசுகூட எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போகாது என்று ஜூலை மாதத்தில் ஒரு நாள் சபதம் செய்தேன். கையில் பீர் இருந்தது. எதிரே என் படகு இருந்தது. கேட்டவர் யாரும் இல்லை. என் மனைவி வெர்னா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நான் சபதங்களைச் செய்வது வழக்கம்.

என் பெயர் டெல்மர் ஸ்டட்ஸ். ஓஹையோவில், ஏரிக்கரையில், டயர் விற்றுப் பிழைத்து ஓய்வு பெற்றவன். வெர்னா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ‘வயிற்றுவலி, ஜுரம், மாமா செத்துப்போனார்’ என்று பிள்ளைகள் கொண்டுவந்த லீவு லெட்டர்களைத் தன் வாழ்நாள் முழுக்கப் படித்தவள். அவளிடம் பொய் சொல்வது, மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டையான உல்லாசப் படகு. சுற்றிலும் கம்பித் தடுப்பு, உள்ளே சோபா, மேலே பந்தல். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். வீட்டில் ஹால் வெர்னாவுடையது, சமையலறை வெர்னாவுடையது, படுக்கையில்கூட எனக்கு ஓரம்தான். படகில் மட்டும் நான் கேப்டன். அதற்குத் தொப்பிகூட வைத்திருந்தேன். அதன் பின்பக்க மோட்டார் கிழவன் மாதிரி இருமிக்கொண்டிருந்ததால், புதுசு ஒன்று வாங்க ரகசியமாகச் சேர்த்துவந்தேன். ரகசியம் என்றால், வெர்னாவுக்குத் தெரிந்த ரகசியம்.

படகின் கதவுக் கொக்கி உடைந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. சரிசெய் சரிசெய் என்று வெர்னா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒரு ரப்பர் கயிற்றை இழுத்துக் கட்டி, இது கொக்கியைவிட உறுதி என்று அறிவித்தேன். ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று சாயங்காலம், படகுத்துறையில் வாணவேடிக்கை பார்க்க எல்லோரும் கூடியிருந்தபோது, பக்கத்து வீட்டு கிளைட் உருளைக்கிழங்கு சாலட்டும் ஹாட் டாக்குமாக அந்தக் கதவில் சாய்ந்தான். கயிறு அறுந்தது. கிளைட் மல்லாந்தான். ஹாட் டாக்கை மட்டும் கடைசிவரை உயரப் பிடித்திருந்தான். அது தப்பித்தது. கணுக்கால் உடைந்தது.

மறுவாரம் அவனைப் பார்க்கப் போனேன். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ராஜா மாதிரி சாய்ந்திருந்தான்.

“கிளைட், நீ என்மேல கேஸ் கீஸ் போடமாட்டேதானே?”

“சேச்சே! எத்தனை வருஷமா சேர்ந்து மீன் பிடிக்கிறோம். நான் போடுவேனா? ஆனா என் மெடிக்கல் இன்ஷூரன்ஸ்காரன் போடுவான்.”

“அவன் யாருடா நடுவுல?”

“ஆஸ்பத்திரிக்கு அவன் குடுத்த பணத்தை உன்கிட்ட வசூல் பண்ணணும்ல? அவன் என் பேர்லதான் போடுவான். கோர்ட்டுலேர்ந்து வர்ற கடுதாசியில கிளைட் எதிர் டெல்மர்னுதான் இருக்கும். தப்பா எடுத்துக்காதே.”

“எப்படிடா தப்பா எடுத்துக்காம இருக்கறது?”

“ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போறோம்ல?” என்றான் கிளைட்.

எங்கள் ஊரில் சிநேகிதம் என்றால் இதுதான்.

இதைக் கேட்டதும் வெர்னா ரோண்டாவைக் கூப்பிட்டாள். ரோண்டா இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு. வெர்னாவுடன் வியாழக்கிழமை தோறும் பௌலிங் பந்து உருட்டி விளையாடப் போகிறவள். வந்ததும் காபி குடித்தாள், வெர்னா சுட்ட பீச் பழப் ‘பை’ பலகாரத்தில் ஒரு துண்டு சாப்பிட்டாள், பிறகு என்னைக் கவலையோடு பார்த்தாள்.

“கிளைட் காலு கவலையில்லை டெல்மர். உன் படகு இன்ஷூரன்ஸே சமாளிச்சிடும். அடுத்த தடவை முதுகெலும்பா இருந்தா? கார், வீடு, படகு, எல்லா இன்ஷூரன்ஸும் ஓரளவு வரைக்கும்தான் குடுக்கும். கோர்ட்டு அதுக்கு மேல சொல்லிச்சுன்னா உன் வீடு, சேமிப்பு, படகு எல்லாத்துலயும் கை வைப்பாங்க. அந்த மேல்தொகைக்குத்தான் குடை இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு. மில்லியன் டாலர் வரைக்கும் தாங்கும்.”

“என்னைப் பார்த்தா மில்லியன் டாலருக்கு நாசம் பண்ற ஆள் மாதிரியா இருக்கு?”

ரோண்டா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா ஜன்னல் வழியாகக் கராஜ் கதவைப் பார்த்தாள். போன நவம்பரில் நான் வாசலில் கொதிக்கும் எண்ணெயில் வான்கோழி பொரித்தபோது தீப்பிடித்து ஏற்பட்ட கரி இன்னும் அதில் அழியாமல் இருந்தது.

“அது வான்கோழி மேல தப்பு. உள்ளே ஐஸ் இருந்துச்சு” என்றேன்.

“வருஷத்துக்கு நானூறு டாலர் சொச்சம்தான். அதுக்கு முன்னாடி கார், வீடு இன்ஷூரன்ஸையும் கொஞ்சம் ஏத்தணும்” என்றாள் ரோண்டா.

அதாவது குடை வாங்க முதலில் செருப்பும் சட்டையும் அவளிடமே வாங்க வேண்டும். என் மனக்கண்ணில் புது மோட்டார் கரையை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போனது. முடியாது என்று சொல்லிவிட்டேன். வெர்னா சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வெர்னா என்னை ‘டெல்’ என்றால் குப்பை வெளியே போக வேண்டும். ‘டெல்மர்’ என்றால் நானே வெளியே போய்விடுவது நல்லது. ‘ஹனி’ என்றால் ஏதோ ஒன்று என் கையை விட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை உரித்துக்கொண்டே சொன்னாள்:

“விடு ஹனி. ரோண்டா வியாபாரத்துக்குச் சொல்றா. இதெல்லாம் சொத்து உள்ளவங்க கவலை. பேர்ல ஒண்ணுமே இல்லாதவன்மேல எவன் கேஸ் போடப்போறான்?”

நான் சரியாகக் கேட்கக்கூட இல்லை. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போது எனக்கே எனக்கென்று ஒரு அபாரமான யோசனை உதித்தது. பேரில் ஒன்றுமே இல்லாதவன்மேல் எவன் கேஸ் போடப்போகிறான்? பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து வெர்னாவிடம் சொன்னேன்.

“எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திடறேன்! வீட்டுல என் பங்கு, டிரக், சேமிப்பு, படகு, எல்லாம்! அப்புறம் எவன் வந்தாலும் என்கிட்ட இருக்கறது இந்த நுரைதான்!”

“ஐயோ, எப்படித்தான் உனக்கு இப்படியெல்லாம் தோணுதோ!” என்றாள் வெர்னா. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வியந்தாள். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை வியந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வியப்புக்காக நான் பக்கத்து மாநிலத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

சொத்துப் பதியும் கவுண்டி அலுவலகத்தில் இருந்த பெண்மணி, வீடு, டிரக், படகு என்று ஒவ்வொன்றாக நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக நோக்கினாள்.

“வீட்டுல ஏதாவது பிரச்சினையா சார்?”

“பிரச்சினையா? இது ராஜதந்திரம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று முத்திரையைக் குத்தினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே! சந்நியாசிகள் ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புரிந்தது. நெடுஞ்சாலையில், ‘அடிபட்டீர்களா? எங்களை அழையுங்கள்!’ என்று பெரிய பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு வக்கீல் நிற்பான். அவனைக் கண்டாலே முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது டிரக் ஜன்னலை இறக்கி, “வாடா, வந்து என்ன கிடைக்குதுன்னு பாரு!” என்று கத்திவிட்டுப் போனேன். ஏணியின் உச்சிப் படியில் நின்று விளக்கு மாட்டினேன். வாசல் படியில் உடைந்த கல்லைச் சரிசெய்யாமலே விட்டேன். ஒரு காசு பெறாத மனிதனுக்குத்தான் எத்தனை தைரியம்!

ஒரு சனிக்கிழமை காலை, கேப்டன் தொப்பியை எடுக்கப் போனேன். தொப்பி ஆணியில் இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். படகும் இல்லை. அதை ஏற்றி வைத்திருந்த டிரெய்லர் வண்டியின் சக்கரத் தடம் மட்டும் புல்லில் இருந்தது. திருடன் வந்துவிட்டான் என்று கூவிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன். அங்கே வெர்னாவும் ரோண்டாவும் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செர்ரிப் பழப் பை. விசேஷத்துக்கு மட்டும் செய்வாள்.

“வெர்னா! படகைக் காணோம்!”

“காணோம்னு யார் சொன்னா? கிளைட்டுக்கு வித்தாச்சு. காலையிலயே வந்து இழுத்துட்டுப் போயிட்டான்.”

“வித்தாச்சா? என் படகை?”

“யார் படகு, டெல்மர்?”

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“இப்ப சொத்தெல்லாம் என் பேர்ல இருக்குல்ல?” என்று வெர்னா பொறுமையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “எவனாவது கேஸ் போட்டா எனக்குத்தானே பயம்? அதான் குடை இன்ஷூரன்ஸ் எடுத்துட்டேன். படகு இருந்தா அது அதிகமாகும்னு ரோண்டா சொன்னா. சரி, ஆபத்தை வித்துட்டு அந்தக் காசுலயே கட்டிடலாம்னு தோணிச்சு. உனக்குத் தோணற மாதிரி எனக்கும் எப்பவாவது தோணும்.”

“அப்படியே கொக்கி விஷயமும் முடிஞ்சுது. கிளைட் வாங்கின கையோட புதுசு மாட்டிட்டான்” என்றாள் ரோண்டா.

“நான் பேருக்குத்தானே மாத்தினேன்! இது மோசடி! நான் கோர்ட்டுக்குப் போவேன்! உன்மேலயே கேஸ் போடுவேன்!”

“போடேன்” என்றாள் வெர்னா. “வக்கீலுக்கு என்ன குடுப்பே?”

சட்டைப் பைகளைத் தடவினேன். ஒரு பாட்டில் திறப்பானும் தூண்டில் முள்ளும் கிடைத்தன. முள் விரலில் குத்தியது. உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது. முள் குத்தியதால் என்று இருவரிடமும் சொன்னேன். லீவு லெட்டர் படித்த கண் நம்பவில்லை.

“ரோண்டா, அவனையும் குடையில சேர்த்தாச்சுல்ல?” என்று கேட்டாள் வெர்னா, கொஞ்சம் இளகி.

“சேர்க்காம? இந்த வீட்டுல பெரிய ஆபத்து வேற என்ன இருக்கு? படகு போயிடுச்சு, நாய் கிடையாது. மிச்சம் இவன்தான்.”

அப்போது வெளியே ஹாரன் அடித்தது. கிளைட். டிரக்கின் பின்னால் என் படகு. கிளைட்டின் தலையில் என் தொப்பி. அவனுக்கு அது எடுப்பாக வேறு இருந்தது.

“டெல்! வர்றியா? மீன் நல்லா கடிக்குதாம்!”

வேண்டாம், மானம் முக்கியம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு போய்த் தூண்டிலை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று, “வெர்னா, மண்புழு வாங்கப் பத்து டாலர் வேணும்” என்றேன்.

வெர்னா பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். காலரைச் சரிசெய்துவிட்டாள். காதோரம் குனிந்து மெல்லச் சொன்னாள்:

“போயிட்டு வா ஹனி. படகுல விழறதா இருந்தா கொஞ்சம் நல்லாவே விழு. கிளைட்டும் நேத்து ரோண்டாகிட்ட குடை எடுத்துட்டான், மில்லியன் டாலருக்கு.”