ஏரியைச் சுற்றிச் சும்மா நடந்தது

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானே திருத்தியிருப்பேன். ஆனால் என் பக்க நியாயத்தை வாயால் சொல்லி ஒருவரும் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண், ஏரிக்கு அக்கரையில் இருந்த அருளப்பன் மகள் ரோஸி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறுதி செய்வதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள், எங்கள் மாதா கோயிலுக்கு விருந்தாளியாக வந்திருந்த சுவிஸ் நாட்டுச் சாமியார், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"சவரி, ஏரியைச் சுற்றி நடக்கலாம்."

"எதுக்கு சாமி?"

"சும்மா. எங்கள் ஆல்ப்ஸ் மலையில் ஏரியைச் சுற்றி நாள் முழுக்க நடப்போம். அழகு."

சித்திரை வெயில். (அந்த நேரத்தில் எங்கள் ஊர் மாடுகூட ஏரிப் பக்கம் போகாது.) மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. போனேன்.

ஏரி பாதி வற்றியிருந்தது. வற்றிய இடத்தில் அக்கரைக்காரர்கள் பட்டா இல்லாமல் தர்பூசணி போட்டிருந்தார்கள். சாமியாருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன்மேல் கேமராவை வைத்தார். ஏரி எவ்வளவு பெரியது என்று படத்தில் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். தன் நீளமான கைத்தடியை என்னிடம் கொடுத்து, தூரத்தில் போய் நட்டுக்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இன்னும் பின்னால் போ என்று கையை ஆட்டினார். போனேன். கொஞ்சம் இடது பக்கம் என்றார். கொடியை மிதிக்காமல் நகர்ந்தேன்.

சர்வேக்காரர்கள் நிலம் அளப்பதும் அச்சாக இப்படித்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அக்கரைக்கு உறைத்தது. கூட்டமாக ஓடி வந்தார்கள். முன்னால் அருளப்பன்.

"இன்னாடா, பொண்ணு கேட்டுட்டு, நெலத்த அளக்க வெள்ளைக்காரன இட்டாந்துகினு நிக்கிற?"

"அளக்கல மாமா. சும்மா நடக்கறோம்."

"இந்த வெயில்ல எவன்டா சும்மா நடப்பான்?"

நியாயமான கேள்வி. நான் சாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். சாமியாரோ தர்பூசணிக் கொடியைக் காட்டி, "அழகு, அழகு" என்றார், சிரித்துக்கொண்டு. அவ்வளவுதான். தடியைப் பிடுங்கினார்கள். ஸ்டாண்டின் ஒரு கால் உடைந்தது. என் சட்டையில் பித்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்யாணம் போச்சு என்று வீடு வந்து குப்புறப் படுத்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும், வெற்றிலை பாக்குத் தட்டோடு அருளப்பன் வந்து நிற்கிறார். தன் தம்பியிடம் அவர் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

"சர்வே ஆபீஸ் வரிக்கும் ஆளுக்குப் பழக்கம் கீது. பொண்ண குட்த்துட்டா, மாமனார் நெலத்த அளப்பானா?"

என் ஒழுக்கத்துக்கும் உழைப்புக்கும் கிடைக்காத மரியாதை ஒரு கைத்தடிக்கு. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கோயில் வாசலில் ரோஸி நின்றிருந்தாள். மூடிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை முறை சொல்லியும், அன்று சும்மாதான் நடந்தோம் என்பதை மாமனார் சாகும்வரை நம்பவில்லை. இன்றும் அவள் சொந்தத்தில் யாருக்கு வேலித் தகராறு வந்தாலும் என் வீட்டுக்கு வருகிறார்கள். ரோஸி காபி கொடுத்து, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சொல்கிறாள்:

"எங்க வூட்டுக்காரர இட்டுனு போங்க. ஒரு சுத்து நடந்தாருன்னா எல்லாம் சரியாப்பூடும்."

1988, ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.