நாய்த் தீவனமும் அம்மாவின் பூனையும்

அன்பு மூத்த மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் பூனையும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா போன மறு மாதமே நாயும் போய்விட்டது அல்லவா, அதன் தீவனம் இரண்டு மூட்டை மிஞ்சியது. முப்பத்தோரு வருஷம் கிடங்கு காத்தவனுக்குப் பழைய சரக்கு தீராமல் புதுச் சரக்கு வாங்கக் கை வருமா? இதற்கும் நாலு கால், அதற்கும் நாலு கால் என்று பூனைக்கு அதையே போட்டேன். மறுபேச்சில்லாமல் தின்றது. ஒன்றேகால் வருஷம் ஓடியது. பிறகு நான் வழியில் வைத்த வாளியில் முட்டியது, திமிர் என்றேன். செருப்பில் தடுக்கியது, வயசு என்றேன். போன வாரம் ஓர் எலி அதன் மூக்குக்கு முன்னால் சாவகாசமாக நடந்து போக, இது காதை மட்டும் ஆட்டியது. "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கு, வேற என்ன தெரியும் உனக்கு" என்று வைதேன். அதற்குக் கண் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாதும்மா.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பாடு என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, டாரின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு. நாய் உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும். பூனையால அதைப் போதுமான அளவு செஞ்சுக்க முடியாது. இறைச்சி, மீன், இல்ல பூனைக்குன்னே செஞ்ச தீவனத்துலதான் கிடைக்கணும். இல்லாட்டி கண்ணும் போகும், இதயமும் தளந்துரும். இதயத்தைத் தேத்திப் பாக்கலாம். கண்ணு திரும்ப வராது."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும் ஐயா."

உன் அம்மா கடைசியில் நகையைப் பற்றிப் பேசவில்லை, வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "பூனையப் பாத்துக்குங்க" என்றாள். அந்த ஒரு வேலையையும் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மை கலைந்திருப்பதைப் பார்த்து நீயே கண்டுபிடிப்பாய்.

ஆகவே, நீ நச்சரித்தபடியே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உன்னிடம் வந்துவிடுகிறோம். இனி இரண்டு பேரையும் நீ பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்திக்கு முத்தம், அவளிடம் தீவனக் கதையைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நாங்கள் வரவில்லை. பூனை இப்போதுதான் அடுக்களையிலிருந்து கிளம்பி, மேசையைச் சுற்றி, அலமாரி ஓரமாக நடந்து, எதிலும் இடிக்காமல் அம்மா கட்டிலில் ஏறிப் படுத்தது. அவள் எதை எங்கே வைத்தாளோ அது இன்னும் அங்கேயே இருக்கிறது. உன் வீட்டுக்கு வந்தால் பூனை நாள் முழுக்க முட்டிக்கொள்ளும். நானும்தான்.