ஏழு தேவதைகளுக்குப் பொட்டு வைத்த கதை

ஆயுத பூஜையன்று, வடக்கே குடியேறிய எங்கள் சாங்வி வீட்டில் எது ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருந்தாலும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். ஸ்கூட்டி, மிக்ஸி, கேஸ் அடுப்பு, அப்பாவின் பி.பி. மெஷின் எதுவும் தப்பாது (ஒரு வருஷம் சோபாவில் கண்ணயர்ந்த சித்தப்பாவும் தப்பவில்லை). இந்தக் கை அரிப்புதான் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அருளும் நானும் விமான் நகரில் ஒரே அலுவலகம். அவனுடையது கிறிஸ்தவக் குடும்பம். அவன் அம்மா கேம்ப் பகுதியில் பியானோ டீச்சர். அப்பா இல்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அவர் சரி என்றால்தான் கல்யாணம் என்று அருள் முதலிலேயே சொல்லிவிட்டான். அவரை நான் முதன்முதலாகப் பார்க்கப் போன நாள், சொல்லி வைத்தாற்போல், ஆயுத பூஜை.

வாசலிலேயே அருள் கையைப் பிசைந்தான். "பொட்டு மட்டும் இன்னிக்கு வேண்டாமே, ப்ளீஸ். அம்மா முதல்ல உன்னைப் பார்க்கட்டும். இன்னொண்ணு, அம்மா வழக்கமா இங்கிலீஷ், ஹிந்திதான். திருநெல்வேலித் தமிழ் ரெண்டு நேரத்துலதான் வரும். கோபம் வந்தா, இல்ல பிரியம் வந்தா."

சுருக்கென்றது. இருந்தாலும் காதல் கண்ணை மறைக்க, ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஸ்கூட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வெறும் நெற்றியோடு மாடி ஏறினேன்.

கூடத்தில் நின்றது அந்தப் பியானோ. அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. சிங்கப் பாதம் செதுக்கிய கால்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைக்கப் பித்தளைக் கைகள். முன்பலகை முழுக்க ரோஜாச் சரம், அதன் நடுவே கையால் வரைந்த ஏழு தேவதைகள். ஒருத்தி எக்காளம் ஊதினாள், ஒருத்தி யாழ் மீட்டினாள், கடைசி ஆள் வேலை வெட்டி இல்லாமல் தூங்கினாள் (எனக்கு உடனே பிடித்துப்போனது அவளைத்தான்). ஆன்ட்டியின் அப்பா, அதாவது அருளின் தாத்தா, ஏதோ பங்களா ஏலத்தில் எடுத்ததாம்.

"கம், பேட்டா" என்றார் ஆன்ட்டி. அன்பும் இல்லை, கடுமையும் இல்லை. அருளை பிஸ்கட் வாங்க பேக்கரிக்கு அனுப்பினார். அதற்குள் யாரோ மாணவியின் அம்மா கீழிருந்து கூப்பிட, "ஃபைவ் மினிட்ஸ்" என்று அவரும் இறங்கிப் போனார்.

நானும் பியானோவும் மட்டும்.

என் பையில் அண்ணனின் புதுக் காருக்கென்று அம்மா கொடுத்தனுப்பிய சந்தனம், குங்குமம், நான்கு எலுமிச்சம்பழம். அந்த வீட்டுக்கு முப்பது வருஷமாகச் சோறு போடுகிற பியானோ, பூஜை நாளில் கேட்பாரற்று நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. ஓரமாக ஒரே ஒரு பொட்டு வைக்கத்தான் போனேன், சத்தியமாக. எக்காளக்காரியின் நெற்றி அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. அவளுக்கு வைத்துவிட்டு மற்றவர்களை விட்டால் பாரபட்சம் ஆகாதா? ஏழு பேருக்கும் வைத்தேன். தூங்குகிறவளுக்கு, பாவம், எழுப்பாமல் வைத்தேன். பிறகுதான் கீழே இரண்டு பெடலைப் பார்த்தேன். காருக்குச் சக்கரத்தடியில் வைப்பதுபோல ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்!

திரும்பி வந்த ஆன்ட்டி, "ஷல் ஐ ப்ளே சம்திங்?" என்று உட்கார்ந்தார். கால் பழக்கத்தில் பெடலுக்குப் போனது.

பளக்!

கட்டைவிரல் முழுக்க எலுமிச்சைச் சாறு. என்னவென்று பார்க்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் எதிரே ஏழு நெற்றியிலும் பொட்டைப் பார்த்துவிட்டார். அதே நேரம் பிஸ்கட்டோடு நுழைந்த அருள் பியானோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படியிறங்கப் பார்த்தான்.

"ஏட்டி" என்றார் ஆன்ட்டி.

திருநெல்வேலி! இது கோபமா, பிரியமா?

"யாரு வேலை இது?"

"நான்தான் ஆன்ட்டி. இன்னிக்கு ஆயுத பூஜை. இதுதானே உங்க ஆயுதம். வைக்காம விட்டா மரியாதை இல்லையேன்னு..." அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைக்குட்டையால் ஒரு நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். சந்தனம் வந்தது. பழைய வார்னிஷின் வெடிப்புக்குள் இறங்கிய சிவப்பு வரவில்லை. கைக்குட்டையை மடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத்தனை பேரு நெத்தியிலயும் வச்சிருக்கியே, ஒன் நெத்தி மட்டும் ஏன் வெறுமையா கெடக்கு?"

நான் அருளைப் பார்த்தேன். அவன் பிஸ்கட் பாக்கெட்டில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டிருந்தான்.

"இவன் சொன்னானாக்கும்? அழாதட்டி. பொட்டு எங்க இருக்கு?"

"ஸ்கூட்டிக் கண்ணாடியில, ஆன்ட்டி."

"போயி வச்சுட்டு வா. ஏழு பேரு பொட்டோட இருக்கிற வீட்டுல நீ மட்டும் என்னத்துக்கு இப்படி நிக்கணும்?"

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

கல்யாணம் முடிந்து நான்கு வருஷம் ஆகிறது. அந்தச் சிவப்பை இனிமேல் தேய்த்தால் தேவதைகளின் முகமே போய்விடும் என்று பியானோ ட்யூனர் கையை விரித்துவிட்டார். இன்றும் ஆன்ட்டி உட்காருமுன் காலால் பெடலுக்கு அடியில் துழாவிப் பார்த்துக்கொள்கிறார். புதிதாக வருகிறவர்கள் பியானோ முன் நின்று, தேவதைக்கு ஏது பொட்டு என்று விழித்தால் அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"மொத்தம் எட்டு பேரு" என்பார். "ஏழு பேரு இங்க இருக்காங்க. எட்டாவது ஆபீஸ் போயிருக்கா, ஆறு மணிக்கு வந்துருவா."