மெய்ப்பொருள் கொள்முதல்

1997-ஆம் ஆண்டு, பீன்யாவில் இருந்த ஓர் அரசு வால்வுத் தொழிற்சாலையில், ஊழியர்களின் ஆன்ம முன்னேற்றத்தை முன்னிட்டுச் சம்பளத்துடன் பத்து நாள் விடுப்பு அறிவிக்கப்பட்டது. பொது மேலாளர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். மனம் அமைதியாக இருந்தால் வால்வு ஒழுகாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதமாகியும் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆன்மாவுக்கென்று லீவு கேட்டால் பைத்தியம் என்று ரெக்கார்டில் ஏறிவிடுமோ என்ற பயம். முதலில் கேட்டவர் ஸ்டோர்ஸ் எத்திராஜ்.

அவருக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்து, அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த அய்யாவு, ஒரு வெள்ளிக்கிழமை "இதோ வந்துடறேன்" என்று எழுந்து போய், கேன்டீன் வாசலில் விழுந்து இறந்துவிட்டார். திங்கட்கிழமை அவருடைய நாற்காலியை டிஸ்பாட்ச்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலி போன இடம் தெரிந்தது. அய்யாவு போன இடம் எத்திராஜுக்கு விளங்கவில்லை. தூக்கம் போயிற்று. இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை அகப்படாமல் 'மெய்ப்பொருள் தேட' என்று தமிழிலேயே எழுதிக்கொடுத்தார்.

பர்சனல் ஆபீசர் சேஷகிரி அதை இரண்டு முறை படித்தார்.

"பொருள்னு எழுதியிருக்கீங்களே, எத்திராஜ்?"

"ஆமா சார்."

"பொருள்னா பர்ச்சேஸ் ரூல்ஸ் வந்துடுமே. மூணு கொட்டேஷன், ஒரு ஒப்பீட்டு அட்டவணை. இத்தனை வருஷம் ஸ்டோர்ஸ்ல இருக்கீங்க, நான் சொல்லணுமா?"

"இது வால்வு இல்லியே சார். உலகத்துல எல்லாரும் தேடறது..."

"எல்லாரும் தேடறதுன்னா இன்னும் ஜாக்கிரதையா வாங்கணும். டிமாண்ட் ஜாஸ்தி."

எத்திராஜ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு புத்த விகாரையில் இருந்த பிக்கு, "பத்து நாள் வாயைத் திறக்காம உட்காரணும். கிடைக்கும்னு எழுதித் தர மாட்டேன்" என்றார். மல்லேஸ்வரத்து மடத்துச் சாமியார், "ஏழு ஜென்மமும் ஆகலாம், எழுபதும் ஆகலாம். அவசரமா?" என்று கேட்டார். லிங்கராஜபுரத்துப் பாஸ்டர் அவர் தோளில் கை போட்டு, "பத்து நாள் எதுக்கு பிரதர்? கதவு திறந்துதான் இருக்கு. இந்த நிமிஷமே உள்ள வரலாம்" என்றார்.

மூவரும் தனித்தனியே இன்னொன்றும் கேட்டார்கள். "உங்களுக்கு வேண்டியவங்க யாராவது தவறிட்டாங்களா?" ஆபீசில் யாரும் கேட்காத கேள்வி அது. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லாததால் எத்திராஜ் எழுதவில்லை.

சப்ளை ஆகும் காலம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் சேஷகிரி முகம் மலர்ந்தது. மறுநாளே உத்தரவு வந்தது: 'மேற்படி பொருள் இக்கணமே கிடைக்கக்கூடியது என மூன்றாவது கொட்டேஷனால் தெளிவாவதால், பத்து நாள் விடுப்புக்கு அவசியமில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

ஃபைல் பொது மேலாளரிடம் போயிற்று. அவர் பச்சை மையில் ஒரு வரி சேர்த்தார்: 'இக்கணமே கிடைப்பதை மற்ற ஊழியர்கள் ஏன் இன்னும் பெறவில்லை?'

அவ்வளவுதான். இருநூற்று நாற்பது பேருக்கும் படிவம் வந்தது. 'மெய்ப்பொருளைப் பெற்றுக்கொண்டேன். நல்ல நிலையில் உள்ளது.' கீழே கையெழுத்து. பெறாதவர்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும்.

"போட்டுக் குடுத்துடுங்க சார்," என்று எத்திராஜிடம் சொன்னாள் டைப்பிஸ்ட் வனஜா. "நான் காபிக்கு முன்னாடியே பெற்றுக்கொண்டேன்."

வீட்டில் மனைவி தமயந்தி விடவில்லை. "இருநூத்தி முப்பத்தொம்போது பேருக்குக் கிடைச்சது உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கல? ரேஷன் கடையிலயும் இப்படித்தான். கேட்டு வாங்கத் தெரியாது."

எத்திராஜ் பேனாவைத் திறந்தார். அய்யாவு விஷயத்தில் பொய்க் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. 'எனக்கு இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதினார்.

தொழிற்சாலையின் நூறு சதவீதச் சாதனையைக் கெடுத்த குற்றத்துக்காக, அடுத்த குறைந்த கொட்டேஷனான விகாரைக்குப் பத்து நாள் அனுப்பப்பட வேண்டும் என்று அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சம்பளத்துடன்.

பதினோராம் நாள் எத்திராஜ் வந்தபோது கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்திருந்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "கிடைச்சுதா?"

"தெரியல. நாலாம் நாள் அய்யாவு ஞாபகம் வந்து நல்லா அழுதேன். அவன் எங்க போனான்னு இப்பவும் தெரியாது. ஆனா தூக்கம் வருது."

மற்றவர்கள் காதில் விழுந்தது பத்து நாள், சம்பளம், தூக்கம் என்ற மூன்று சொற்கள்தான். அந்த வாரமே சேஷகிரி மேசையில் விண்ணப்பங்கள் குவிந்தன. 'நான் பெற்றுக்கொண்ட மெய்ப்பொருள் கவனக்குறைவால் தொலைந்துவிட்டது. மீண்டும் பெறப் பத்து நாள் அனுமதிக்கவும்.' இருநூற்று முப்பத்தொன்பது. அதில் ஒன்று சேஷகிரியுடையது.

ஆனாலும் அவர் ரூல்ஸை விடுகிற ஆள் இல்லை. பொருள் தொலைந்தால் போலீஸ் புகார் நகல் இணைக்க வேண்டும். கம்பெனி பஸ்கள் ஐந்தும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றன.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் புதுப் பக்கத்தைப் புரட்டி, தொலைந்த பொருளின் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கன்னடத்திலும் தமிழிலுமாகக் கேட்டார்.

"கொனேகெ எல்லி நோடிதிரி? கடைசியா அதை எங்க பார்த்தீங்க?"

வரிசையில் முதலாவதாக நின்ற சேஷகிரி திரும்பி வனஜாவைப் பார்த்தார். வனஜா பின்னால் நின்றவரைப் பார்த்தாள். அவர் தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். இப்படியே பார்வை படியிறங்கி, காம்பவுண்டைத் தாண்டி, கடைசி ஆள் வரைக்கும் போயிற்று. அவருக்குப் பின்னால் யாருமில்லை. அவர் தெருவைப் பார்த்தார்.

தெருவில் நாமெல்லாம் போய்க்கொண்டிருந்தோம்.